நாலு கோரிலேயே பத்து வருஷம்

கேள்வி: 2007-ல் வாங்கிய இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸரிலும் 4 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 2017 தொடக்கத்தில் வந்ததிலும் 4 கோர். அதற்கு மேல் செய்ய முடியவில்லையா, மனமில்லையா?

பதில்: முடியும், மனமில்லை. சிலிக்கானின் பரப்பளவைப் பாருங்கள். இன்டெலின் கோர் 2 குவாட் க்யூ6600, 65 நானோமீட்டர் முறையில் (இந்த எண் குறையக் குறைய அதே இடத்தில் அதிகம் அடங்கும்) செய்த இரண்டு சிலிக்கான் துண்டுகள். தலா 143 சதுர மி.மீ. 2015-ல் வந்த 4 கோர் இன்டெல் பிராசஸரான ஸ்கைலேக், 14 நானோமீட்டரில் சுமார் 122 சதுர மி.மீ.தான். அதிலும் கணிசமான இடம் கிராபிக்ஸுக்குப் போனது. மிச்சமான இடத்தில் கோர் வைக்கவில்லை. இத்தனைக்கும் 2010-லேயே 6 கோர் ஐ7-980எக்ஸ் கடைக்கு வந்துவிட்டது, விலை 999 டாலர்!

காரணம், எதிரில் ஆள் இல்லை. போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் 2011 புல்டோசர் பிராசஸரில் இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசமக் கணக்குப் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டன; தனி ஒரு கோரின் வேகமும் மிகவும் பின்தங்கியது. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் 8 கோரை 329 டாலருக்குத் தந்தது. அப்போது இன்டெலின் 8 கோர் ஐ7-6900கே-யின் விலை 1,089 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் இன்டெலின் சாதாரண வரிசை 6 கோரானது. 2018 அக்டோபரில் 8.

எல்லாப் பழியையும் லாபத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. 14-க்கு அடுத்த 10 நானோமீட்டர் முறைக்கு இன்டெல் மாறுவதில் வந்த தாமதம் நிஜமான உற்பத்திச் சிக்கல். ஒரே தாவலில் அடர்த்தியை 2.7 மடங்காக்கப் பார்த்தார்கள்; ஒரே அடுக்கைப் பலமுறை பதிக்க வேண்டியிருந்ததால் பழுதான சிப்புகள் குவிந்தன.

கேள்வி: நன்றாக இருக்கும் பகுதியையே முடக்கி விற்கிறார்களாமே?

பதில்: இரண்டு வகை உண்டு. ஒரு கோர் பழுதானால் அதை அணைத்து, மலிவாக விற்பது நல்ல பழக்கம், வீணாவது குறையும். மற்றது வேறு. 2010-ல் பென்டியம் ஜி6951-க்கு இன்டெல் 50 டாலர் அட்டை விற்றது. அதிலுள்ள குறியீட்டை மென்பொருளில் அடித்தால் ஹைப்பர்த்ரெடிங்கும் (ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கையாளும் வசதி) 1 எம்பி கேஷும் (சிப்புக்குள் உள்ள வேகமான நினைவகம்) திறக்கும். இரண்டும் முதல் நாளிலிருந்தே சிப்புக்குள் நல்ல நிலையில் இருந்தவை! எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் நின்றுபோனது.

கேள்வி: அப்படியானால் ஏஎம்டி நல்ல கம்பெனியா?

பதில்: முந்தியதும் அவர்களும் விலையை ஏற்றினார்கள். 6 கோர் 3600எக்ஸ் 249 டாலர். 2020-ல் அடுத்து வந்த 5600எக்ஸ் 299. அந்த வரிசையில் 199 டாலர் 5600 வர 2022 ஏப்ரல் ஆனது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் இன்டெலின் போட்டிச் சிப்பான ஐ5-12400 கடைக்கு வந்திருந்தது.