டேடோனாவின் கடைசிச் சுற்று – கடிதம்

அன்புள்ள ஐயா,

கார்ப் பந்தயங்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை வாசித்துவருகிறேன். அந்தத் தூண்டுதலில் 2025 பிப்ரவரியில் நடந்த டேடோனா 500 பந்தயத்தின் பதிவை முழுவதுமாகப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது யாரோ ஏமாற்றிவிட்டது போலிருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பி, இருநூறு முறை சுற்றிவருகின்றன. கடைசிச் சுற்றில் முன்னால் போனவர்கள் இடித்துக்கொண்டு சிதற, முதல் ஐந்து இடங்களில்கூட இல்லாத வில்லியம் பைரன் கோப்பையைத் தூக்குகிறார். ஃபார்முலா 1 பந்தயத்தில் யார் வேகமானவர் என்பதாவது தெரிகிறது. குலுக்கல் சீட்டு எடுப்பதற்கு எதற்கு எண்ணூறு கிலோமீட்டர் ஓட வேண்டும்? அதிலும், ஒரு தொடரின் முதல் பந்தயமே அதன் மிகப் பெரிய பந்தயமாக இருப்பது எந்தக் கணக்கிலும் எனக்குப் பிடிபடவில்லை.

பி.கு.: எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரில் (டேடோனா 500ஐ நடத்தும் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பு) ஓட்டியிருக்கிறார் என்கிறார்களே, டேடோனாவிலா?

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். அமெரிக்காவிலேயே இப்படிப் புலம்புகிறவர்கள் உண்டு, ஓட்டுநர்கள் உட்பட. ஆனால் குலுக்கல் சீட்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டேடோனாவில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு, பெரும் பங்கே உண்டு. அந்த அதிர்ஷ்டம் வானத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் யோசித்து, கூடிப் பேசி, கதவைத் திறந்து உள்ளே விட்டது.

முதலில் இடம். ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் பாதி மணலிலும் பாதி சாலையிலுமாக நடந்துகொண்டிருந்த பந்தயத்தை, நாஸ்காரை நிறுவிய பில் ஃபிரான்ஸ் 1959இல் ஒரு பிரம்மாண்டத் தடத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றளவு இரண்டரை மைல், அதாவது நான்கு கிலோமீட்டர். வளைவுகளில் தடம் 31 பாகை சரிந்திருக்கும். அந்தச் சரிவை எழுப்ப மண் தோண்டிய பள்ளம் ஏரியாகி இன்றும் மைதானத்தின் நடுவே கிடக்கிறது. அவ்வளவு சரிவில் வேகத்தைக் குறைக்காமலே கார் வளைந்துவிடும். நீங்கள் ‘வெறும் வட்டம்’ என்று கண்டது இதைத்தான். பிரேக்குக்கு வேலை இல்லை என்றால் ஆட்டம் வேறொன்றின் மீது நடக்கிறது என்று பொருள். டேடோனாவில் அது காற்று.

இதைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்ல. வட கரோலினாவில் கள்ளச்சாராயத் தொழிலில் இருந்து சிறைக்கும் போய்வந்த ஓட்டுநர் ஜூனியர் ஜான்சன். 1960ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய ஷெவர்லே. அன்றைய போண்டியாக் கார்களோடு ஒப்பிட்டால் சோம்பேறி வண்டி. பயிற்சி ஓட்டத்தில் ஒரு போண்டியாக்கின் வாலை ஒட்டிப் போனபோது, தன் வண்டி தன் சக்திக்கு மீறி ஓடுவதைக் கவனித்தார். சைக்கிளில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போன பையன்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்னால் போகும் கார் காற்றைப் பிளக்கிறது, பின்னால் வருவதற்கு அந்தப் பிளவு இலவசம். ஜான்சன் அன்று பந்தயம் முழுக்க யாராவது ஒருவர் முதுகிலேயே சவாரி செய்தார். முடிவுக்குச் சில சுற்றுகளே இருந்தபோது, முன்னணியில் இருந்த பாபி ஜான்ஸின் போண்டியாக்கில் பின்கண்ணாடி காற்றில் பிய்த்துக்கொண்டு போக, கார் தடுமாறிச் சுழன்றது. ஜான்சன் வென்றார். மெதுவான கார் வெல்லக்கூடிய பந்தயமாக டேடோனா இரண்டாம் ஆண்டிலேயே ஆகிவிட்டது.

இதில் லாரி உவமைக்கு அடங்காத ஒன்று உண்டு. பின்னால் ஒட்டி வருபவரால் முன்னவருக்கும் லாபம். தனிக் காரின் பின்புறத்தில் காற்று சுழன்று அதைப் பின்னுக்கு இழுக்கும். இன்னொரு கார் அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் அந்த இழுப்பு குறையும். ஆகவே இரண்டு கார்கள் சேர்ந்தால் ஒன்றைவிட வேகம், நான்கு சேர்ந்தால் இன்னும் வேகம். வரிசையை விட்டுத் தனியே வெளியே வந்தவரை யாரும் பின்தொடரவில்லை என்றால் ஒரே சுற்றில் இருபது இடம் பின்னால் போய்விடுவார். எதிரியின் உதவி இல்லாமல் ஓட முடியாது, எதிரியைக் கைவிடாமல் வெல்ல முடியாது. எப்போது கைவிடுவது என்பதுதான் நீங்கள் பார்த்த இருநூறு சுற்றுகளின் கேள்வி.

அடுத்த முறை பார்க்கும்போது ஓட்டுநருக்கும் ஸ்பாட்டருக்கும் இடையிலான வானொலிப் பேச்சைச் சேர்த்துக் கேட்க முடிந்தால் கேளுங்கள். ஸ்பாட்டர் என்பவர் பார்வையாளர் மாடத்தின் உச்சியில் நின்று ஒரே ஒரு காரை மட்டும் கண்காணிப்பவர். தலையும் கழுத்தும் பட்டைகளால் பிணைக்கப்பட்ட ஓட்டுநருக்கு அவர்தான் பக்கவாட்டுக் கண். ‘உள்ளே ஒருவர்’, ‘இன்னும் உள்ளே’, ‘விலகியாயிற்று’ என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது, ‘விலகியாயிற்று’ என்ற சொல்லை நம்பி ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். அரை நொடி முன்னதாகச் சொல்லிவிட்டால் பதினைந்து கார்கள் குப்பை.

சரி, அந்தப் பதினைந்து கார்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன? இங்கேதான் பாபி ஆலிசன் என்ற ஓட்டுநர் வருகிறார்.

1987 மே மாதம், அலபாமாவின் டலடேகா தடம். டேடோனாவின் தம்பி என்று சொல்லலாம், ஆனால் சற்றுப் பெரியது. அந்த வாரம் தகுதிச் சுற்றில் பில் எலியட் எட்டிய வேகம் மணிக்கு 342 கிலோமீட்டர். பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஆலிசனின் டயர் கிழிந்தது. கார் பின்பக்கமாகத் திரும்பி, அடியில் காற்று புகுந்து, தரையை விட்டு எழும்பிப் பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த கம்பி வேலியில் மோதியது. வேலி நெடுநீளத்துக்குப் பிய்ந்தது. காரின் துண்டுகள் பட்டுப் பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். கார் மாடத்துக்குள் விழாமல் தடத்தின் பக்கமே திரும்பி விழுந்ததால் அன்று சாவு நிகழவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்த மகன் டேவி இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தார். வேலியைச் சரிசெய்து மீண்டும் தொடங்கிய பந்தயத்தில் வென்றதும் அவர்தான்.

அடுத்த ஆண்டுக்கு நாஸ்கார், எழுபதுகளின் தொடக்கத்தில் பயன்படுத்திக் கைவிட்டிருந்த ஓர் உபாயத்தைத் தூசி தட்டி எடுத்தது. ஏறத்தாழ ஓர் அங்குல விட்டமுள்ள நான்கு துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தட்டு. அதை கார்பரேட்டருக்குக் கீழே பொருத்தினால் இன்ஜினுக்குள் போகும் காற்று குறையும், சக்தி குறையும், கார் பறக்காது. 2019இல் தட்டு போய் வேறொரு சாதனம் வந்தது, கொள்கை மாறவில்லை. விளைவை நீங்களே பார்த்தீர்கள். எல்லாருக்கும் ஒரே அளவு மூச்சு என்றால் எவராலும் எவரையும் விட்டு விலகிப் போக முடியாது. நாற்பது கார்கள் ஒரே கட்டாக நகர்கின்றன. ஒன்று தொட்டால் பத்து சரிகின்றன. அந்தப் பெருவிபத்துக்கு ரசிகர்கள் ‘பிக் ஒன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வேலிக்கு அப்பால் இருப்பவரைக் காப்பாற்ற வந்த விதி, வேலிக்குள் இருப்பவருக்கு ஆபத்தைப் பெருக்கியது. ஓட்டுநர்கள் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் நாஸ்கார் செய்தது சரி. ஓட்டுநர் தெரிந்தே காரில் ஏறுகிறார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கத்தால் தொலைக்காட்சிக்குக் கிடைத்த விருந்தையும் மறைக்க வேண்டாம். விருந்து இல்லாதிருந்தால் இதைவிட நல்ல தீர்வை இன்னும் விரைவாகத் தேடியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1988இல், அந்தத் தட்டோடு நடந்த டேடோனா 500 பந்தயத்தில் வென்றவர் யார் என்கிறீர்கள்? ஐம்பது வயது பாபி ஆலிசன். இரண்டாம் இடம் மகன் டேவி. நான்கு மாதம் கழித்துப் போகோனோ தடத்தில் நடந்த விபத்தில் தலையில் அடிபட்டு, அந்த வெற்றியின் நினைவே அவரிடமிருந்து அழிந்துபோயிற்று. தன் வாழ்வின் மிகப் பெரிய நாளை அவர் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

உங்கள் குலுக்கல் வாதத்துக்கு வருகிறேன். குலுக்கலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வராது. ரிச்சர்ட் பெட்டி ஏழு முறை வென்றார் (அவர் காலத்தில் பெரும்பாலும் தட்டு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்). டென்னி ஹாம்லின் 2016, 2019, 2020இல் வென்றார். நீங்கள் திட்டும் பைரன் 2024இலும் வென்றவர்தான். உங்கள் பக்கத்துக்கும் சாட்சிகள் உண்டு. மூன்று முறை சாம்பியனான டோனி ஸ்டுவர்ட் ஒருமுறைகூட இதை வென்றதில்லை. டேடோனா தடத்தில் பலவகைப் பந்தயங்களில் மொத்தம் 34 முறை வென்ற டேல் எர்ன்ஹார்ட்டுக்கு 500 கிட்டியது ஒரே ஒரு முறை, 1998இல், இருபதாவது முயற்சியில். அன்று எல்லா அணிகளின் ஊழியர்களும் பிட் பாதையில் (எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் கார்கள் வந்து நிற்கும் இடம்) வரிசையாக நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று கடைசிச் சுற்றில் அவர் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் போனவை இரண்டும் அவரே உரிமையாளராக இருந்த அணியின் கார்கள், ஒன்றை ஓட்டியது அவர் மகன். பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டிருந்தபோது நான்காவது வளைவின் சுவரில் மோதி இறந்தார். ஹான்ஸ் போன்ற, தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி அந்த ஆண்டே கட்டாயமாயிற்று. அதன்பின் நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் பந்தயத்தின்போது ஓர் ஓட்டுநரும் இறக்கவில்லை.

பெரிய பந்தயம் ஏன் முதலில்? 1982 முதல்தான் டேடோனா தொடரைத் திறந்துவைக்கிறது. பிப்ரவரியில் அமெரிக்காவின் பாதி பனியில் கிடக்கும், ஃபுளோரிடாவில் வெயில் அடிக்கும். ஆனால் விதை 1979இல் விழுந்தது. அந்த ஆண்டுதான் இந்தப் பந்தயம் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை தேசிய அளவில் நேரலையாக ஒளிபரப்பானது. வடகிழக்கு மாநிலங்களில் கடும் பனிப்புயல், வீட்டை விட்டு யாரும் வெளியே போகவில்லை. கடைசிச் சுற்றில் டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் ஒருவரையொருவர் இடித்து முடித்துவிட, வெகு தொலைவில் வந்துகொண்டிருந்த பெட்டி வென்றார். காரை விட்டு இறங்கிய இருவரும் புல்வெளியில் அடிதடியில் இறங்கினார்கள். தம்பிக்குத் துணையாக வந்தவர் நம் பாபி ஆலிசனேதான். யார்பரோதான் தன் மூக்கால் என் முஷ்டியைக் குத்தினார் என்பது அவர் பிற்காலத்தில் சொல்லிவந்த விளக்கம்.

நீங்கள் அலுத்துப்போன நடுப்பகுதி எனக்கும் அலுப்புதான். எரிபொருளை மிச்சம்பிடிக்க வேகத்தைக் குறைத்து ஊர்வலம் போகிறார்கள், பிட்டில் இரண்டு நொடி லாபம் பார்க்க. அதைத் தாராளமாகத் தாண்டிவிடுங்கள். கடைசி இருபது சுற்றில் முதல் காரைப் பார்க்காதீர்கள், மூன்றாவது காரைப் பாருங்கள்.

நரேன் டேடோனாவில் தொடங்கவில்லை. 2010இல் நாஸ்காரின் ட்ரக் தொடரில் (பிக்கப் வண்டிகளுக்கான பந்தயத் தொடர்), வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் அறிமுகமானார், பதின்மூன்றாவதாக வந்தார். அங்கே ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, பிரேக்தான் எல்லாம். அந்த ஆண்டு ட்ரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான்.