மறைத்தால் மடங்கும் விரல்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். தங்கச்சியின் கையில் தேமல் மாதிரி ஒரு அடையாளம், ஒரு வருடமாகப் பரவுது. கிள்ளினாலும் தெரியவில்லை என்கிறாள். குட்டமாக இருக்குமோ? கலியாணப் பேச்சு நடக்குது, அது முடியும்வரை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லுறா.

பதில்: அன்புள்ள தம்பி,

கலியாணம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். இந்தக் கிழமையே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். சாதாரணத் தேமலில் உணர்ச்சி போகாது. கண்ணை மூடச் சொல்லி, திரித்த பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் மாறி மாறித் தொடுங்கள். தொட்ட இடத்தை அவள் விரலால் காட்டட்டும். சரியாகக் காட்டினாலும் கிளினிக்கைத் தவிர்க்க வேண்டாம்.

வாவி நடுவே மாந்தீவில் நோயாளரை ஒதுக்கி வைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அம்மா பயப்படும் அந்த மடங்கிய விரல், மறைத்து வைக்கும் மாதங்களில்தான் உருவாகிறது. குட்டத்தில் முழங்கை நரம்பு கெட்டால் சின்னவிரல் மரத்து, பிறகு மடங்கும். அடுப்பில் சுட்டாலும் தெரியாது, புண் ஆழமாகிவிடும். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீரொயிட் தொடங்கினால் மீளும் வாய்ப்பு அதிகம். பிந்தினால் கிருமி செத்தாலும் விரல் நிமிராது.

குட்டம்தான் என்று உறுதியானால், அதற்குப் பல மருந்து சேர்ந்த கூட்டு மருந்து 1983 முதல் இலங்கையில் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் காசில்லை. அடையாளங்கள் ஐந்துக்குள் என்றால் பொதுவாக 6 மாதம், கூடினால் 12. ஒரு குளிசை அட்டை 28 நாளுக்கு. அதிலுள்ள றிபம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அதிலுள்ள இன்னொரு மருந்தான குளோபசிமின் தோலைக் கறுப்பாக்கும். பலர் மருந்தை விடுவது இந்த இடத்தில்தான்: "என்ன பிள்ளை, இப்படிக் கறுத்திட்டாய்?" என்று அயலில் கேட்டதும் குளிசை நின்றுவிடும். மருந்து முடிந்தபின் நிறம் மெல்ல மெல்லத் திரும்பும் என்பதை அட்டை கைக்கு வந்த அன்றே அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

தனித் தட்டும் தனிப் பாயும் தேவையில்லை. மருந்து தொடங்கிச் சில நாளில் பிறருக்குத் தொற்றாது. வீட்டில் எல்லோரும் தோலைக் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தால் அயலார் கேட்பார்கள் என்று கூச்சமென்றால், கிளினிக்கிலேயே பார்க்கும்படி முன்கூட்டிக் கேளுங்கள்.

இது பரம்பரை நோயல்ல, கலியாணத்துக்குத் தடையுமல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத் தங்கச்சியே தீர்மானிக்கட்டும். அவளைக் கேளாமல் நீங்களோ அம்மாவோ பேச வேண்டாம்.

மருந்து நடக்கும்போது, ஏன், முடிந்த பிறகும்கூட, அடையாளம் சிவந்து வீங்கினால், முழங்கை நரம்பு நொந்தால், கண் சரியாக மூடாவிட்டால், அடுத்த கிளினிக் திகதிவரை இருக்காமல் அன்றே போங்கள்.