கட்டியை முழுதாக எடுத்த பிறகும் புற்றுநோய் ஏன் திரும்புகிறது? புற்றுநோய் ஸ்டெம் செல்லுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் என்ன சம்பந்தம்?

நான் டாக்டர் இல்லை. எம்எஸ்சி முடித்து இரண்டு வருஷம் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், இப்போது கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் பூண்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் என் அத்தை. மதுரையில் மார்பகக் கட்டியை எடுத்த கையோடு, "அதான் முழுசா எடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கும்மா கரண்ட் வைக்கணும்?" என்றார். கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்வீச்சு சிகிச்சையை.

கட்டி என்றால் புற்றுச் செல்களின் உருண்டை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் கையில் தட்டுப்படும் அந்தக் கெட்டிக்குப் பெரிய காரணம் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சாதாரண இணைப்புத் திசு செல்கள் போட்டு வைக்கும் கொலாஜன் நார். அதோடு ரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்பு செல்கள். இத்தனைக்கும் நடுவில், கட்டியை மறுபடி முதலிலிருந்து வளர்க்கும் திறனுள்ள கொஞ்சம் செல்கள் இருக்கின்றன, அவைதான் புற்றுநோய் ஸ்டெம் செல்கள். 1990களில் டொராண்டோவில் ஜான் டிக் குழு ரத்தப் புற்றிலும், 2003இல் மைக்கேல் கிளார்க் குழு மார்பகப் புற்றிலும் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். இவற்றில் பல மெதுவாகப் பிரிபவை, சில சமயம் பிரியாமல் தூங்குபவை. வேகமாகப் பிரியும் செல்லைத் தாக்கும் கீமோவிடம் தப்பிக்க அது ஒன்றே பெரிய வசதி.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், இது தனிச் சாதி செல், தேடிப் பிடித்துக் கொன்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையை உடைத்தது 2010இல் ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று பெருங்குடல் புற்றில் செய்த ஆய்வு. கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் வகை செல்கள் எச்ஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன, அது பக்கத்துப் புற்றுச் செல்லுக்குள் விண்ட் என்ற சமிக்ஞைப் பாதையை முடுக்கிவிடுகிறது, ஏற்கெனவே ஸ்டெம் தன்மையை இழந்து முதிர்ந்துபோன செல் கூட அந்தத் தன்மையைத் திரும்பப் பெறுகிறது! அதாவது ஸ்டெம் செல்லாக இருப்பது பிறவிக் குணம் மட்டுமில்லை, அக்கம்பக்கம் கொடுக்கும் நிலையும்தான். ஒன்றைக் கொன்றால், அதே இடத்தில் அதே சமிக்ஞை இருக்கும்வரை, பக்கத்தில் இருப்பது அந்த வேலைக்கு ஏறிக்கொள்ளலாம். ரத்தம் சரியாக எட்டாத மூலைகளில் ஆக்சிஜன் குறைவதும் இதே மாதிரி செல்லை ஸ்டெம் நிலைக்குத் தள்ளும். மூளைக் கட்டிகளிலோ ரத்தக் குழாயை ஒட்டியே இவை குடியிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பிலும் கதை வேறு.

சரி, அப்படியானால் சுற்றியுள்ள திசுவையும் சேர்த்து ஒழித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணையப் புற்றுள்ள எலிகளில் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை அழித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள்: கட்டி இன்னும் மூர்க்கமானது, ஸ்டெம் செல் தன்மையுள்ள செல்கள் கூடின, எலிகள் சீக்கிரம் செத்தன. அதே திசு ஒரு பக்கம் நோயை ஊட்டுகிறது, இன்னொரு பக்கம் அணை கட்டியும் வைத்திருக்கிறது.

எங்கள் மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சீகை மரத்தை, வாட்டில் என்றும் சொல்வோம், மொத்தமாக வெட்டிச் சாய்த்த சரிவைப் போய்ப் பாருங்கள். வருஷக்கணக்காக மண்ணில் கிடந்த விதைகள் வெயில் பட்டதும் புல் மாதிரி முளைத்து நிற்கும். வெட்டாமல் விட்ட பழைய சீகைக்கு அடியில், நிழலில், இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்றுகள் தானாக ஏறி வருவதையும் பார்க்கலாம். விதை மாறவில்லை, மேலே இருந்த நிழல்தான் மாறியது. 1889இலேயே ஸ்டீஃபன் பேஜட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, நோய் கல்லீரலுக்கு அடிக்கடியும் மண்ணீரலுக்கு அபூர்வமாகவும் பரவியதைக் கவனித்து, விதையைப் போலவே, அதாவது புற்றுச் செல்லைப் போலவே, மண்ணையும், அது போய் விழும் உறுப்பையும் ஆராய வேண்டும் என்று எழுதிவிட்டார்.

அத்தையிடம் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் சீகைச் சரிவைக் காட்டித்தான் இதைச் சொன்னேன். கட்டி போய்விட்டது, அது இருந்த இடமும் கண்ணுக்குத் தெரியாத சில செல்களும் இருக்கலாம், கரண்ட் அதற்குத்தான் என்று. தினமும் மலையிறங்கி ஏற முடியாது என்பதால் மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி முழுசாக முடித்தார். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு டமாக்ஸிஃபென். உடம்பிலிருந்து வரும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோனின் செய்தி மார்பகச் செல்லுக்குக் கேட்காமல் அடைக்கும் மாத்திரை அது, எல்லா மார்பகப் புற்றுக்கும் பொருந்தாது, புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரஜன் ஏற்பி, அதாவது அந்தச் செய்தியை வாங்கும் புரதம், உள்ளவர்களுக்கு மட்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி யோசித்தால், தயவுசெய்து முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அத்தைக்கு இது மூன்றாவது வருஷம், மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வத்தலக்குண்டு போய் வாங்கி வந்துவிடுகிறேன்.