பருவத்துக்கு ஏற்ற தேநீர்

கேள்வி: மழை நாளில் இதமாக இருக்கும் இஞ்சித் தேநீர், சித்திரை வெயிலில் ஏன் கனமாகத் தோன்றுகிறது? கோடையில் தேநீரையே நிறுத்திவிட வேண்டுமா? – மதுரை வாசகி

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, தூளையும் தயாரிக்கும் முறையையும் மாற்றினால் போதும். நாம் அன்றாடம் வாங்கும் டஸ்ட் தேயிலை, கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி முறையில் உருவாவதால், பாலோடு கொதிக்கும்போது விரைவிலேயே கடுஞ்சாறு இறங்குகிறது. அந்தக் கடுமைக்குத்தான் ஐப்பசி மழையில் தட்டிப் போட்ட இஞ்சி அவ்வளவு பொருந்துகிறது. கோடையிலோ நீலகிரியின் இலைத் தேயிலையை வாங்கி, கொதித்து இறக்கிய நீரில் 3 நிமிடம் மட்டும் ஊறவிட்டு வடிகட்டி, பாலின்றி, எலுமிச்சைச் சாறு சில துளி சேர்த்து ஆறவைத்துப் பருகிப் பாருங்கள். குளிர்ந்தாலும் எளிதில் கலங்காத தெளிவு இத்தேயிலைக்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் மலையில் உறைபனி இறங்கும்போது கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் செறிந்துவிடும். அப்போது பறித்த பனிக்காலத் தேயிலை கிடைத்தால், சர்க்கரைகூடச் சேர்க்காமல் அருந்துவதே அதற்குச் செய்யும் மரியாதை என்பேன். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும் என்பதால், எந்தப் பருவமானாலும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.