வாசகர் கேள்வி – பதில்: இலையில் நிற்காத தண்ணீர்

சின்ன வெங்காயத்தில் இலைப்பேனுக்கு மருந்து அடிக்கிறோம். எத்தனை டேங்க் அடித்தாலும் துளிகள் தாளில் தங்காமல் உருண்டு தரையில் விழுகின்றன. ஷாம்பு கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?
– வாசகர், பெரம்பலூர்

வெங்காயத் தாளை இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்தது போன்ற நிறம் போய், கரும்பச்சையாகப் பளபளக்கும். விரலோடு வந்தது மெழுகு. முட்டைக்கோஸ், சேம்பு, நெல் இலைகளிலும் இதே பூச்சுதான். இந்த மெழுகு வழவழவென்று பூசினாற்போல் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத படிகங்களாக நிமிர்ந்து நிற்கிறது. துளி அந்தப் படிகங்களின் நுனியில் மட்டும் உட்காருகிறது, அடியில் இருப்பது காற்று. போதாக்குறைக்கு வெங்காயத் தாள் குத்தாக நிற்கிறது. பெரிய துளி பட்ட வேகத்தில் துள்ளி விழுந்துவிடும்.

வழி, தண்ணீரின் பரப்பு இழுவிசையை, அதாவது துளியைப் படரவிடாமல் உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் விசையைக் குறைப்பதுதான். வெறும் தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். ஒட்டு திரவம் சேர்த்தால் 30-ஐ ஒட்டி இறங்கும், துளி தட்டையாகிப் படரும். கடையில் அயனியில்லா (நான்-அயானிக்) வகை ஒட்டு திரவம் கேட்டு வாங்கி, லிட்டருக்கு அரை மில்லி, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 5 மில்லி கலந்து தொடங்குங்கள். சிலிக்கான் வகையாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது பல மடங்கு வீரியம் உள்ளது. லேபிளில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தைத் தனி வாளியில் கரைத்து அதில் சேர்த்து, மீதித் தண்ணீரையும் நிரப்பிவிடுங்கள். ஒட்டு திரவம் கடைசியாகத்தான் போக வேண்டும். முதலிலேயே ஊற்றினால் தண்ணீர் நிரப்பும்போது நுரை பொங்கி வழியும், அளவு கெட்டுவிடும்.

வயல் முழுக்க அடிக்கும் முன் ஒரே ஒரு செடியில் அடித்துப் பாருங்கள். துளி முத்தாக நின்றால் லிட்டருக்கு 1 மில்லி வரை கூட்டலாம். தாள் முழுக்க மெல்லிய ஈரம் படர்ந்தால் அளவு சரி. தாளில் தங்காமல் வழிந்து சொட்டினால் திரவம் கூடிவிட்டது, அல்லது ஒரே இடத்தில் அதிகம் அடிக்கிறீர்கள். மருந்தும் சேர்ந்து மண்ணுக்குத்தான் போகிறது. நாசில் தேய்ந்து துளை பெரிதாகியிருந்தால் எந்தத் திரவமும் காப்பாற்றாது. பனிபோல நுண்துளியாக விழும் நாசில் மாற்றுங்கள். இலைப்பேன் குருத்து இடுக்கில்தான் ஒளிந்திருக்கும்; படரும் கரைசல் அந்த இடுக்கு வரை இறங்குவது கூடுதல் லாபம்.

ஷாம்பு விஷயம்: எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை செய்யாது என்பதால் அல்ல, பிராண்டுக்கு ஒரு வீரியம் என்பதால் அளவு சொல்ல முடியாது. சலவைத்தூள் அதைவிட மோசம். அதன் காரத்தன்மையில் டைமெத்தோயேட், மாலத்தியான் போன்ற மருந்துகள் சிதைந்து வீணாகும். கட்டிச் சோப்பை உப்புத் தண்ணீரில் கரைத்தால் திரிதிரியாகத் திரண்டு நாசிலை அடைக்கும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மட்டும் சோப் கேட்கும்: 5 கிலோ பருப்புக்கு 100 லிட்டர் தண்ணீர், 200 கிராம் காதி சோப். கலந்த அன்றே அடித்து முடித்துவிடுங்கள்.

அளவு மீறினால் சேதம் செடிக்குத்தான். மெழுகு தாளைக் காக்கும் கவசம். அது சிதைந்தால் தாள் நுனி கருகும், இலைப்புள்ளிப் பூஞ்சை நுழைவதும் சுலபமாகிவிடும். மெழுகு குறைந்த பளபளப்பு ரக வெங்காயத்தை இலைப்பேன் அவ்வளவாக விரும்புவதில்லை என்பது உண்மை. அதற்காக மெழுகைக் கழுவிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்!

தாமரை இலையின் மேல்பக்கம் தண்ணீர் உருள்கிறது, அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது உண்டா?
– ஆசிரியை, கும்பகோணம்

தாமரைக்கு இலைத்துளைகள் மேல்பக்கத்தில்தான். அங்கே நீர்ப்படலம் மூடினால் காற்றுப் போக்குவரத்து தடைபடும். அதனால் மேல்பக்கம் முழுக்க நுண்மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மீதும் மெழுகுக் குழல்கள் என இரண்டடுக்கு ஏற்பாடு. வழவழப்பான மெழுகில் துளியின் தொடுகோணம் (துளியின் விளிம்பு இலையோடு சேரும் கோணம்; இது கூடக்கூடத் துளி உருண்டையாகும்) 110 பாகையைத் தாண்டுவது அரிது. மேடும் குழலும் சேரும்போது அது 160-ஐ நெருங்குகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, உருளும் துளி தூசியையும் அள்ளிச் செல்வதை விளக்கியது. அடிப்பக்கத்தில் இந்த ஏற்பாடு இல்லை.

செய்துகாட்ட: இலையில் சாக்பீஸ் தூள் தூவி, சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், துளி போன தடம் சுத்தமாகியிருக்கும். ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி விடுங்கள், அங்கே துளி தங்கிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டால் உருளாது, பரவும். இன்னொரு இலையை ஆவியில் சற்று நேரம் காட்டுங்கள். ஆவி மேடுகளுக்கு இடையிலேயே நீராக மாறுவதால், அப்படி உண்டான துளிகள் ஒட்டிக்கொள்ளும். மாணவர்கள் எதிர்பார்க்காதது இதுதான். கொண்டுவரும்போது இலையை அடுக்கிக் கட்டாதீர்கள். உரசினாலே மெழுகு போய்விடும்.

குளத்து ஆகாயத்தாமரையைத் தண்ணீருக்குள் அமுக்கினால் வெள்ளிபோல் மின்னுகிறதே?
– வாசகர், மதுராந்தகம்

இலை முழுக்க நீரை ஏற்காத நுண்முடிகள். அவற்றுக்கிடையே சிக்கிய காற்றுப் படலத்தில் ஒளி எதிரொளிக்கிறது. கையை எடுத்தால் செடி உலர்ந்த இலையோடு மேலே வரும்.

எல்லாப் பயிருக்கும் ஒட்டு திரவம் கட்டாயமா?
– வாசகர், உடுமலை

இல்லை. வெறும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். இலையில் தானே படர்ந்தால் காசை மிச்சப்படுத்துங்கள். லேபிளில் ஈ.சி. (EC, தண்ணீரில் பால்போலக் கலக்கும் வகை) என்று குறிப்பிட்ட மருந்துகளில் பால்மமாக்கி, அதாவது எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் ஏற்கெனவே இருப்பதால், அவற்றுக்குக் குறைவாகவே தேவைப்படும்.