சிட்டை நினைவுக்கு வந்தால் வரட்டும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 46. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படகு கரை சேரும் நாளில் விடியற்காலையிலிருந்தே எடை, ஏலம், ஐஸ் கணக்கு என்று தலை கனத்துவிடும். தியானத்தில் உட்கார்ந்தால் சிட்டைகளே கண்முன் வருகின்றன, அல்லது தூங்கிவிடுகிறேன். தியானம் பழகிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? கணக்கில் தப்பு வராது என்று நம்பி, எல்லாரையும் தினமும் அரைமணி நேரம் தியானத்தில் உட்காரவைக்க முதலாளி நினைக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கலாமா?

வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். தியானத்தால் அழுத்தம் கொஞ்சம் குறையலாம், ஆனால் அது மருந்துக்குத் துணைதான். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் அளந்து எழுதிவையுங்கள். அந்த நோட்டைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

2014இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்த அமெரிக்க மருத்துவர்கள், பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் கண்டார்கள். தூக்கத்துக்கும் கவனத்துக்கும் போதிய சான்று கிடைக்கவில்லை. உடற்பயிற்சியைவிட மேலானது என்றும் தெரியவரவில்லை. ஆகவே கணக்கில் தப்பே வராது என்று யாரும் உங்கள் முதலாளிக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

சிட்டை நினைவுக்கு வந்தால் வரட்டும். மனம் அங்கே போய்விட்டதைக் கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்புகிறீர்களே, அதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது முறை போனால் நாற்பது முறை திரும்புங்கள். முதுகைச் சாய்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதியுங்கள். மூச்சை வெளியே விடும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. மூச்சை வலிந்து இழுக்கவேண்டாம். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், உதடும் விரலும் மதமதக்கும். பலர் அதைத் தியான அனுபவம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

தூக்கம் வருவது பெரும்பாலும் தூங்காததால்தான். இரவு விழித்த நாளில் தியானத்தை விட்டுவிட்டுத் தூங்குங்கள். மற்ற நாளில் முகம் கழுவிவிட்டு, கண்ணைப் பாதி திறந்து, நாலடி தள்ளித் தரையைப் பாருங்கள்.

முதலாளியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கட்டாயப்படுத்தக் கூடாது. நம் கரையில் கடலுக்கு ஆளைப் பறிகொடுத்தவர்களும் சிறையிருந்து மீண்டவர்களும் உண்டு. கண்ணை மூடி அசையாமல் இருந்தால் சிலருக்குப் பழைய பயம் மேலே எழும். விருப்பப்பட்டு வந்தாலும் அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதத்தின் மேல் கவனம் வைக்கலாம். இன்னொன்று, அந்த அரைமணியைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பிடுங்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையால் வரும் களைப்பைத் தியானம் தீர்க்காது. அதற்கு ஆள்தான் போடவேண்டும்.

தடைக்காலத்தில் தொடங்கவேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஓய்வில் படிந்த பழக்கம், படகு கடலுக்குப் போனதும் உதிர்ந்துவிடும். ஏல நாளிலேயே தொடங்குங்கள். கடைசி எடை போட்டபின், சிட்டைகளைக் கூட்டுவதற்கு முன், நாலு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சாக மூன்று நிமிடம். ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும்.