மேக்ரியம் பேக்கப்பில் 8 கோப்புகள்: எதையும் அழிக்காதீர்கள்

அண்ணே, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் பில்லிங் கம்ப்யூட்டரை மேக்ரியம் என்ற பேக்கப் மென்பொருளில் ஒருமுறைதான் பேக்கப் எடுத்தேன், டிஸ்கில் 8 கோப்பு கிடக்கிறது, 7-ஐ அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கை வைக்காதீர்கள். எட்டும் சேர்ந்ததுதான் அந்த ஒரு பேக்கப்.

பெயர்களின் கடைசியில் 00-00, 00-01, 00-02 என்று ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் எண் எத்தனையாவது பேக்கப் என்பது. இரண்டாவது, அதில் எத்தனையாவது துண்டு. ஒவ்வொன்றும் 4 ஜிபியை ஒட்டி நின்றால் உங்கள் டிஸ்க் அநேகமாக ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கிறது. 4 ஜிபியைவிடப் பெரிய கோப்பை அது ஏற்காது, அதனால் மேக்ரியம் தானே வெட்டி வைக்கிறது. ஒரு துண்டு போனாலும் கணக்கு வழக்கை முழுசாக மீட்க முடியாது.

முதலில் எட்டையும் வேறு டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகலை வெரிஃபை செய்யுங்கள். பிழை இல்லையென்றால் மட்டும் பழைய டிஸ்கை, பெரிய கோப்புகளையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அடுத்த பேக்கப் ஒரே கோப்பாக விழும்.